டாக்டரம்மாவின் காது

அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலைவலி, வயிற்றுவலி என்று அவள் முன்னால் போய் நிற்பதுண்டு. அவளிடம் இருந்ததெல்லாம் ஓர் எண்ணெய்க் குப்பி, ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூ, அதை முடுக்க முழங்கை நீளத்துக்கு ஒரு திருப்புளி. அவள் தையல் மெஷின்களுக்குத்தான் டாக்டர். முந்நூறு மெஷின்கள் ஒரே கூரையின் கீழ் சட்டை தைத்துத் தள்ளும் அந்தக் கூடத்தில், எது எப்போது படுத்துக்கொள்ளும் என்று மேனேஜரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பட்டப்பெயர் வந்தது அந்தத் திருப்புளியால். ஏதாவது ஒரு மெஷின் முரண்டு பிடித்து, அதில் உட்கார்ந்திருப்பவள் கையைத் தூக்கினால் இவள் போவாள். திருப்புளியின் நுனியை மெஷினின் உடம்பில் வைப்பாள். பிடியைக் காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். நாலே நொடி.

“பேரிங் போச்சு,” என்பாள். அல்லது, “ஊசி கீழ உரசுது. நேத்து பாபின் டப்பாவக் கீழ போட்டியா?”

கீழே போட்டவள் முழிப்பாள். பிரித்துப் பார்த்தால் அவள் சொன்னது சொன்னபடி இருக்கும். திருப்புளியைக் காது ஓட்டையில் வைப்பவன் கத்துக்குட்டி, எலும்பில் வைப்பவள்தான் மெக்கானிக் என்பது அவள் கட்சி. பதினெட்டு வருஷமாக அந்தக் கட்சி தோற்றதில்லை.

இன்னொரு அதிசயமும் இருந்தது. கூடத்து இரைச்சலில் மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவளிடம் பேசக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. கத்துவது காதில் விழாமல் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வார்கள். டாக்டரம்மாவுக்கோ அந்த இரைச்சலில்தான் எல்லாம் பளிச்சென்று கேட்டது. கடைசி வரிசையில் இருப்பவள் கத்தினால் முதல் வரிசையிலிருந்து இவள் பதில் சொல்வாள். “உங்களுக்குப் பாம்புக் காதுக்கா,” என்று பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் வாசலில் டப்பா டப்பாவாக வைத்திருந்த ரப்பர் காதடைப்பான்களை அவள் தொடவே இல்லை. “எந்த டாக்டராவது ஸ்டெதஸ்கோப்பக் கழட்டி வச்சிட்டு வைத்தியம் பாப்பாரா?” என்று கேட்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை காது பரிசோதிக்க வேன் வரும். அன்றைக்கென்று அவளுக்கு மாடியில் அவசர வேலை வந்துவிடும். “எனக்கு டெஸ்ட்டா? அவங்களுக்கு வேணும்னா நான் எடுக்கிறேன்,” என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போய்விடுவாள்.

வீட்டில் மூன்று பேர். புருஷனுக்குத் தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குப் பேசிப் பேசியே வளர்ந்த குரல் அவருடையது. சட்னி போதும் என்றுகூட ஊருக்கே அறிவிப்பார். மகளுக்குப் பதிமூன்று வயது. அப்பாவுக்குக் கொடுத்த குரலில் மிச்சம் மீதி இருந்ததைத்தான் கடவுள் இவளுக்கு வைத்தாரோ என்னவோ, பேசினால் பக்கத்தில் இருக்கும் திரைச்சீலைகூட அசையாது. அப்பா அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்.

குரல்தான் சின்னதே தவிர, பேச்சு சின்னதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் புத்தகப்பையை இறக்குவதற்குள் ஆரம்பித்துவிடும். யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த டீச்சர் கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டு மாணவர்களைத் திட்டினார், சைக்கிள் நிறுத்துமிடத்தில் குட்டி போட்ட பூனை இப்போது எத்தனை குட்டியோடு இருக்கிறது, எல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தாக வேண்டும். அம்மா சமைத்துக்கொண்டே கேட்பாள். அதுதான் அவளுக்கு நாளின் நல்ல நேரம்.

அந்த நேரம் எப்போது கை நழுவிப் போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருக்கலாம். மகளின் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. அம்மா “என்னது?” என்று ஒரு தடவை கேட்டால் திருப்பிச் சொல்வாள். இரண்டாம் தடவை கேட்டால், “ஒண்ணுமில்ல, விடு,” என்பாள். அந்த ‘ஒண்ணுமில்ல, விடு’வைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே அம்மா இரண்டாம் தடவை கேட்பதை நிறுத்தினாள். அதற்குப் பதில் முகத்தைப் பார்த்துச் சிரித்து, “சரிடா தங்கம்,” என்று தலையாட்டக் கற்றுக்கொண்டாள். எதைச் சொன்னாலும் சரிடா தங்கம்.

சாப்பிடும்போது மகள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாள். அப்பா கடகடவென்று சிரிப்பார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரிப்பாள். நடுவில் அரை நொடிதான் இடைவெளி. அந்த அரை நொடியை மகள் கவனித்துக்கொண்டே வந்தாள்.

நாத்தனாருக்கும் இவள்மேல் வருத்தம். அவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஒருநாள் வீட்டுக்கே வந்து தம்பியிடம் முறையிட்டார்.

“மருந்துக் கடை வாசல்லேர்ந்து மூணு தடவ கூப்பிட்டேன்டா. திரும்பிப் பாக்கணுமே! மகாராணி மாதிரி அவபாட்டுக்குப் போறா. நான் என்ன பண்ணிட்டேன் அவளுக்கு?”

“அண்ணி, சத்தியமா நீங்க கூப்பிட்டது தெரியாது,” என்று இவள் தவித்தாள்.

“ஃபேக்டரில ஊசி விழுந்தா கேக்குமாம். நாத்தனார் கூப்பிட்டா கேக்காதாம்.”

“கொஞ்ச நாளா இவ பேச்சும் எனக்குச் சரியாக் கேக்கல,” என்றார் புருஷன், சமாதானம் செய்கிற மாதிரி. “ரொம்ப மெதுவாப் பேசுறா. பழையபடி சண்டை போட்டாலாவது தெம்பா இருக்கும்.”

அதுவும் உண்மைதான். அவளுக்குத் தன் குரல் தன் தலைக்குள்ளேயே முழங்கியது. முறுக்கு மாதிரி எதையாவது மென்றால் கல் உடைக்கிற சத்தம். அதனால் அவளை அறியாமலே குரலைத் தணித்துக்கொண்டாள். காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். மெதுவாகப் பேசுகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்?

இதெல்லாம் இப்படியே இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். ஒரு வியாழக்கிழமைதான் கெடுத்தது.

அன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்தபோது மகள் சீருடைகூட மாற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு சான்றிதழ். அம்மா அதை எடுத்துப் பார்க்கும்போதே புருஷன் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்டார்.

“எப்படிப் படிச்சா? கை தட்டினாங்களா?”

“யார் படிச்சா?”

அவர் ஒரு செருப்போடு அப்படியே நின்றார். “நீ போகலியா?”

பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறிக் கட்டுரை வாசிக்க மகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளே எழுதிய கட்டுரை. வாய் திறந்தால் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காத பிள்ளை, ஒலிவாங்கி முன்னால் நின்று முழு மண்டபத்துக்கும் வாசிக்கப் போகிறாள். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அம்மாதான் வருவதாக ஏற்பாடு.

“மூணு தடவ சொன்னாளே! நீ பாத்திரம் கழுவும்போது ஒரு தடவ, ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு ஒரு தடவ, அந்த ரூம்லேர்ந்து ஒரு தடவ. மூணு தடவையும் சரிடா தங்கம்னியாம். அதனாலதான் நான் ஞாபகப்படுத்தல.”

அவள் சான்றிதழைக் கீழே வைத்தாள். மகளிடம் போனாள். “சுண்டு, அம்மாவுக்குச் சத்தியமாத் தெரியாதுடா. இப்பப் படிச்சுக் காட்டு. முழுசாக் கேக்கிறேன்.”

“தாள ஸ்கூல் போர்டுல ஒட்டியிருக்காங்க.”

“அப்ப மனசுல இருக்கிறத சொல்லு.”

“ஒண்ணுமில்ல, விடும்மா.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபித்துக் கதவை அறைந்திருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள். முன்வரிசையில் தன் பெயருக்கு ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது என்று மறுநாள் டீச்சர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி மூக்கைச் சிந்தினாள். “பதிமூணு வயசுல பொண்ணுங்க அப்படித்தான்க்கா. அம்மான்னா எட்டிக்காய்,” என்று தேற்றினார்கள். வயசுதான் காரணம் என்று நம்புவது அவளுக்கும் வசதியாக இருந்தது. வயசு என்றால் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவளுக்குப் பிள்ளையின் பேச்சு வேண்டியிருந்தது. பூனைக்குட்டிகள் என்ன ஆயின என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புருஷன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மகள் கூடத்தில் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வண்டி இல்லை. அந்த அமைதியில் டாக்டரம்மாவுக்கு மறுபடியும் அந்த ரீங்காரம் கேட்டது. ஞ்ஞ்ஞ் என்று, எங்கேயோ ஒரு மோட்டார் இடைவிடாமல் முனகுகிற மாதிரி.

இது புதிதில்லை. ஆறு மாசமாக அவளைப் படுத்துகிற சத்தம். வேறு யாராவது என்றால் காதைக் குடைந்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். இவள் மெக்கானிக். சத்தம் இருந்தால் மெஷின் இருந்தாக வேண்டும். போன மாசம் ஃப்ரிட்ஜ்மேல் சந்தேகப்பட்டு அதைப் பிரித்துப் போட்டதில் இரண்டு நாள் பால் கெட்டுப்போனது. ஃப்ரிட்ஜ் நிரபராதி. அதற்கு முந்தின மாசம் மின்விசிறியைக் கழற்றினாள். அதுவும் நிரபராதி.

இன்றைக்கு விடுவதில்லை என்று திருப்புளியை எடுத்தாள். ஃப்ரிட்ஜில் வைத்தாள். கம்ப்ரஸர் ஆரோக்கியமாக உறுமியது. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் மெஷின், சுவர்க் கடிகாரம்வரை வைத்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தன. ரீங்காரமும் நன்றாக இருந்தது. கடைசியில் வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள்.

“யார்டா அது ஃபேன நிறுத்தினது!” என்று உள்ளே ஒரு குரல் இடித்தது.

“ஒரு நிமிஷம் இருங்க!”

வீட்டில் எதுவும் ஓடவில்லை. ரீங்காரம் மட்டும் ஓடியது. அவள் பக்கத்து வீட்டுச் சுவரில் திருப்புளியை வைத்தாள். சுவரில் ஒன்றுமில்லை.

“சுண்டு, இங்க வா. இந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது, சொல்லு.”

மகள் எழுந்து அம்மாவுக்கு நேராக வந்து நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். “எந்தச் சத்தம்மா?”

“ஞ்ஞ்ஞ்னு வருதே.”

“எதுவுமே வரல. மெயினையே ஆஃப் பண்ணிட்டியே.”

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெயின் சுவிட்சைத் தூக்கினாள். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். திருப்புளியின் நுனியை அதில் வைத்து, பிடியை மகளின் காதுக்குப் பின்னால் வைத்தாள்.

“கேக்குதா?”

“கேக்குது. உர்ருனு.”

தன் எலும்பில் வைத்தாள். அவளுக்கும் உர்ரென்று கேட்டது. மகளுக்குக் கேட்ட அளவுக்குக் கேட்டது. திருப்புளியை எடுத்தாள். உடனே ஃப்ரிட்ஜ் செத்த மாதிரி இருந்தது.

“இப்ப நின்னுடுச்சு, இல்ல?”

“இல்லியே. ஓடுதே.”

“திருப்புளி இல்லாம கேக்குதா உனக்கு?”

“கேக்குதும்மா.”

“பின்னாடி போ. இன்னும் போ. இப்ப?”

“கேக்குது.”

மகள் அடுத்த அறை வாசல்வரை போய்க் கையைத் தூக்கிக் காட்டினாள். அங்கேயும் கேட்கிறதாம். அம்மா ஃப்ரிட்ஜை ஒட்டி ஒரு ஜாண் தூரத்தில் நின்றாள். அவளுக்குத் துளிகூடக் கேட்கவில்லை.

டாக்டரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக எத்தனையோ மெஷின்களுக்குப் பழுது எங்கே என்று சொன்னவளுக்கு இதைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? ரீங்காரம் அவள் காதுக்குள்ளேயே இருந்தது. கேட்காத காதோடு அவள் எல்லா இடத்துக்கும் போய் வந்திருக்கிறாள். தொழிற்சாலைக் கூடத்தில் எல்லோரும் கத்துவதால் தெரியவில்லை. திருப்புளி எலும்பு வழியாக நேராக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்ததால் தெரியவில்லை. வீட்டுக்காரர் குரலுக்குக் காதே தேவையில்லை. தெரியவைத்திருக்க வேண்டிய ஒரே குரல் இந்தப் பிள்ளையுடையது. அதற்குத்தான் அவள் சரிடா தங்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் ஓடி வந்து முன்னால் உட்கார்ந்தாள். “என்னம்மா?”

“நீ பேசினதுக்கு நான் எத்தன தடவ சரின்னு சொல்லியிருப்பேன்?”

“நெறைய.”

“அதுல பாதி எனக்குக் கேக்கவே இல்லடா. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீயும் விடு விடுன்னியா…”

மகளின் முகம் கோணிக்கொண்டு போனது. “நான் பேசுறது உனக்கு போர் அடிக்குதுன்னு நெனச்சேன்,” என்றாள். இதை அவள் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னதால் ஒரு எழுத்துகூட வீணாகாமல் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். தூக்கம் கலைந்து வந்த புருஷன், ஃப்ரிட்ஜுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, “போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம்,” என்று தேற்றினார்.

காது டாக்டர் குள்ளமான பெண்மணி, ஆளைவிட மூக்குக் கண்ணாடி பெரியது. “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

“இவளும் டாக்டர்தாங்க,” என்றார் புருஷன். காத்திருப்போர் அறையில் இருந்தவர்களுக்கும் தெரிந்துபோனது.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, ஜவ்வில் ஓட்டையும் இல்லை. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் பொத்தானுக்கு வேலையே இல்லாதது அவளுக்கே தெரிந்தது. பயம் வந்தது. பதினெட்டு வருஷக் கூடத்துச் சத்தம் நரம்பைத் தின்றுவிட்டதென்றால் அதற்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று வழியெல்லாம் புருஷன் யாரிடமோ கேட்டதை ஒப்பித்துக்கொண்டு வந்திருந்தார்.

பிறகு அந்த அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து கவண் மாதிரி இரண்டாகப் பிளந்த ஓர் இரும்பை எடுத்தார். அதை முழங்கையில் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும்போதே காம்பை அவள் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார்.

“கேக்குதா?”

“நல்லாவே கேக்குது.”

எடுத்துக் காதுக்கு முன்னால் காற்றில் பிடித்தார். “இப்ப?”

“இல்ல.” சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அட, இது என் திருப்புளிங்க!”

டாக்டருக்குப் புரியவில்லை. இவள் ஃப்ரிட்ஜ் கதையை மெயின் சுவிட்சிலிருந்து தொடங்கி முழுதாகச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும். பழுது எங்க?”

“எலும்பு வழியாப் போனா கேக்குது. அப்ப உள்ள இருக்கிற மெஷின் ஓடுது. வெளியேர்ந்து சத்தம் வர்ற வழியிலதான் கோளாறு. மோட்டார் நல்லாருக்கு, மெஷின் நல்லாருக்கு, நடுவுல பெல்ட் சரியில்ல.”

“பெல்ட் இல்ல. மூணு குட்டி எலும்பு,” என்றார் டாக்டர். “ஜவ்வுலேர்ந்து சத்தத்த உள்ள கடத்துறது அதுங்கதான். உங்களுக்குக் கடைசி எலும்பு அசையாம இறுகிக்கிட்டு வருது. பரம்பரையா வர்றதுண்டு. உங்க வீட்டுல சின்ன வயசுலயே காது மந்தமானவங்க யாராவது இருந்தாங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். பெரியம்மா ஒருத்தர் இருந்தார். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். திமிர் பிடித்தவள், ராங்கிக்காரி என்று குடும்பமே பேசியது. கல்யாண வீடுகளில் தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார்.

“இருந்தாங்க,” என்றாள். “எங்களுக்குத் தெரியாமப் போச்சு.”

வழி இருக்கிறது என்றார் டாக்டர். இறுகின எலும்புக்குப் பதில் சின்னதாக ஒன்றை வைக்கிற அறுவை சிகிச்சை உண்டு, அதை நிதானமாக யோசித்து முடிவு செய்யலாம். இப்போதைக்குக் காது மெஷின் போதும். “மெஷினுக்கு நீங்க நல்லாப் பழகுவீங்க,” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பரிசோதனைத் தாளில் ஒரு கோட்டின் நுனியைத் தொட்டுக் காட்டினார். “இந்த ஓரம் மட்டும் எலும்பு பண்ணினது இல்ல. உங்க கூடத்துச் சத்தம் பண்ணினது. இது நரம்பு, போனா வராது. இருக்கிறதையாவது காப்பாத்துங்க. நாளைலேர்ந்து காதடைப்பான் போடணும். வேன் வந்தா மாடிக்கு ஓடக் கூடாது.”

மாடிக்கு ஓடுகிற விஷயத்தைப் போட்டுக்கொடுத்தது யார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாகத் திருப்புளியை ஒரு மெஷினில் வைத்தாள். சத்தம் குறையவே இல்லை. எலும்பு வழி எலும்பு வழிதான், அதை ரப்பர் என்ன செய்யும்? அன்று சாப்பாட்டு நேரத்தில், தன் வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோடி எடுத்துக் கொடுத்து, போடாதவர்களின் மெஷினைத் தொட மாட்டேன் என்று அறிவித்தாள். நாத்தனார் வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண் கலங்கிப்போய், அன்றிலிருந்து இவளிடம் பேசும்போது புருஷனைவிடச் சத்தமாகக் கத்தத் தொடங்கினார். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

காது மெஷினுக்கு மாவு மாதிரி ஒன்றைக் காதுக்குள் அடைத்து அச்செடுத்திருந்தார்கள். வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அதுவரை நேராகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் சாயங்காலம், வெயில் இன்னும் சன்னலில் இருக்கும்போது, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டமாக வந்தாள். நான்கு மூலையிலும் குண்டூசி குத்திய ஓட்டையோடு ஒரு தாள் அவள் கையில் இருந்தது. கட்டுரை. அறிவிப்புப் பலகையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம்.

அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகள் பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்தாள்.

“இது எதுக்கு?”

“திருப்புளி குத்தும். இதுன்னா குத்தாது. இந்த முனைய உன் எலும்புல வச்சுக்கோ. அந்த முனை எனக்கு.”

ஸ்கேலின் ஒரு முனையை அம்மா காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டாள். மறுமுனையை மகள் தன் தாடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். ஓர் அடிக்குமேல் விலக முடியாமல் இருவரும் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். ஸ்கேல் செய்த வேலையோ, பிள்ளை அவ்வளவு பக்கத்தில் வந்ததோ, குரல் கிணுகிணுவென்று அம்மாவின் தலைக்குள் இறங்கியது.

“‘எங்கள் வீட்டில் மூன்று குரல்கள் இருக்கின்றன. முதல் குரல் என் அப்பாவுடையது. அவர் தபால் நிலையத்தில் அடுத்தது என்று கூப்பிட்டால், எதிர்க் கட்டடத்து வங்கியில் வரிசையில் நிற்பவர்களும் ஓர் அடி முன்னால் நகர்வார்கள்.’”

அம்மா வெடித்துச் சிரித்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். “கரெக்டான எடத்துல சிரிச்சே,” என்றாள்.

“மேல படி.”

“‘இரண்டாவது குரல் என் அம்மாவுடையது.’” அங்கே நின்றாள். கண் தாளில் நாலு வரி கீழே தாவுவது அம்மாவுக்குத் தெரிந்தது. “இந்தப் பத்தி வேணாம். அடுத்ததுக்குப் போறேன். ஒண்ணுமில்ல, வி…”

அம்மா ஸ்கேலைக் கையால் பிடித்துக்கொண்டாள். “படி.”

மகள் எச்சில் விழுங்கியது ஸ்கேல் வழியாகவே கேட்டது.

“‘என் அம்மாவுக்கு முந்நூறு தையல் மெஷின்கள் பேசுவது கேட்கும். எது இருமுகிறது, எது அழுகிறது என்று தொட்டதும் சொல்லிவிடுவார். நானும் ஒரு தையல் மெஷினாகப் பிறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.’”

சன்னல் வெயில் தரையில் கிடந்தது.

“ஹால்ல சிரிச்சாங்களா?” என்று கேட்டாள் அம்மா.

“எல்லாரும் சிரிச்சாங்க.” பிறகு, “வலிக்குதாம்மா?”

“வலிக்குது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. “ஆனா முழுசாக் கேட்டுச்சுடா. ஒரு எழுத்து விடல. அந்த மூணாவது குரல் யாரோடது?”

“என்னோடது.”

“அத மெதுவாப் படி. அவசரம் இல்ல.”

மகள் ஸ்கேலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு, தாளைத் தூக்கிப் பிடித்தாள். மூன்றாவது பத்தியில் பாதி வந்தபோது வாசலில் செருப்புச் சத்தம், அதற்குப் பின்னால் தெருவுக்கே கேட்கும்படி, “என்ன இது, அம்மாவும் பொண்ணும் ஸ்கேல வச்சு முட்டிக்கிட்டிருக்கீங்க!” என்று அப்பாவின் குரல்.

டாக்டரம்மா திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

“கொஞ்சம் சும்மா இருங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”